படகுக்குக் காசு வாங்கலாமா? கேள்வி பதில்

பொதுப் படகுப் போக்குவரத்து பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சுற்றுலாப் படகு என் துறை அல்ல, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நெய்தல்: நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகில் டிக்கெட்டே கிடையாதாமே, எப்படிக் கட்டுப்படியாகிறது?

கட்டுப்படியாகவில்லை. ஆக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அந்தத் தீவிலிருந்து மன்ஹாட்டனுக்கு நேர்ப் பாலம் கிடையாது. 1964இல் திறந்த வெரசானோ பாலம் புரூக்ளினுக்குப் போகிறது, அதற்கும் சுங்கம். ஆகவே 25 நிமிடத்தில் கரை சேர்க்கும், இரவு பகலாக ஓடும் அந்த ஆரஞ்சு நிறப் படகுதான் அவர்களுக்குத் தெரு. 1905இல் மாநகராட்சியே அதை எடுத்துக்கொண்டது.

1997 வரை காசு வாங்கினார்கள். போய்வர 50 செண்ட். 1990க்கு முன் 25. வீட்டிலிருந்து பஸ், பிறகு படகு, இறங்கினால் சுரங்க ரயில். ஒரு வேலை நாளுக்கு மூன்று இடத்தில் பையைத் துழாவ வேண்டும். 1997இல் பஸ்ஸும் ரயிலும் ஒரே கட்டணத்துக்குள் வந்தன. நடுவில் படகு மட்டும் கை நீட்டிக்கொண்டு நின்றது. ஜூலை 4 அன்று அந்தக் கட்டணத்தை எடுத்தேவிட்டார்கள்.

பெயர் வேண்டாம்: இலவசம் எல்லாம் இந்தக் காலத்து ஓட்டு அரசியல்தானே?

லண்டனின் வூல்விச் இலவசப் படகு ஓடத் தொடங்கியது 1889 மார்ச் 23. மேற்கு லண்டனில் சுங்கம் வாங்கிய பாலங்களைப் பொதுப்பணத்தில் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கிழக்கே இருந்தவர்கள், ‘எங்கள் வரியும் அதில் இருக்கிறதே, எங்களுக்கு என்ன வழி?’ என்று கேட்டார்கள். கிடைத்தது படகு. இன்றும் இலவசம்தான்.

மட்டக்களப்பான்: அண்ணா, எங்கட பக்கம் மண்டூர் – குருமண்வெளிக்கு இடையில் வாவியில ஓடுறதை ‘பாதை’ எண்டுதான் சொல்லுவம்.

தம்பி, நான் பக்கம் பக்கமாக எழுதியும் சொல்ல முடியாததை உங்கள் ஊர் ஒரு சொல்லில் வைத்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இதே கணக்குத்தான். கூட்டனே ஏரிப் படகு நெடுஞ்சாலையின் ஒரு துண்டு, எனவே இலவசம். அதே மாகாணத்தில் கடற்கரைத் தீவுகளுக்குப் போகும் படகுகளுக்குக் கட்டணம் உண்டு. தீவுக்காரர்கள், ‘எங்கள் தண்ணீர் மட்டும் உப்பு என்பதாலா?’ என்று கேட்டால் தப்பில்லை.

ராஜி: கன்னியாகுமரியில் ஏன் டிக்கெட்?

விவேகானந்தர் பாறையில் யாரும் குடியிருக்கவில்லை. மற்றதைப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்திடம் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை: ஸ்டேட்டன் தீவுப் படகில் பாதிப் பேர் சுதந்திர தேவி சிலை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களிடம் வாங்கினால் என்ன? ஆளுக்கு ஆகும் செலவாவது தேறுமே.

‘பாதி’ எங்கிருந்து வந்தது? இருக்கட்டும். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்: ஆண்டுச் செலவை ஆள் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். மத்தியானம் இருக்கை காலியாகத்தான் கிடக்கிறது. கேமராவோடு ஒருவர் ஏறினால் டீசல் செலவு ஏறாது, கூடுதல் மாலுமியும் வேண்டாம். தனியாக அவரிடம் வாங்கப் போனால் எல்லோரையும் நிறுத்தி அடையாள அட்டை பார்க்க வேண்டும். காலையில் படகு வந்து முட்டியதும் கதவு திறந்து கூட்டம் மொத்தமாக ரயிலுக்கு ஓடுவதைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை: அதே நகரத்தின் இன்னொரு சேவை, நியூயார்க் சிட்டி ஃபெரி, செய்கிறதே?

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். 2017இல் 2.75 டாலரில் தொடங்கியது, 2022இல் ஒற்றைப் பயணத்துக்கு 4 ஆனது. அப்போது பத்தாக வாங்கினால் பழைய விலையே இருந்தது. உள்ளூர்க்காரர் பத்து வாங்குவார், வந்துபோகிறவர் ஒன்று வாங்குவார். யாரையும் ‘நீ எந்த ஊர்?’ என்று கேட்காமல் காரியம் முடிந்தது. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அவை சிறிய படகுகள். வெயில் நாளில் உள்ளூர்க்காரருக்கு இடமில்லாமல் போகலாம். இடத்துக்குத் தட்டுப்பாடு வரும்போதுதான் கட்டணத்துக்கு வேலை வருகிறது. ஸ்டேட்டன் தீவுப் படகில் அந்தத் தட்டுப்பாடே இல்லை.

கணக்குப்பிள்ளை: அப்படியானால் கார்?

காருக்குக் காசு வாங்குங்கள், தாராளமாக. ஒரு கார் எத்தனை ஆள் இடத்தை அடைக்கிறது! ஸ்காட்லாந்துத் தீவுகளில் அதே தூரம் சாலையில் போக ஆகும் செலவுக்குச் சமமாகப் படகுக் கட்டணத்தைக் குறைத்தார்கள். சுற்றுலாக் கார்கள் குவிந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் தீவுக்காரருக்கு வண்டி ஏற்ற இடமில்லை என்ற புகார் வந்தது. நடந்து ஏறுகிறவருக்கு இலவசம், காருக்குக் காசு. இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

கொச்சிக்காரி: எங்கள் ஊர்ப் படகுச் சேவை, வாட்டர் மெட்ரோ?

2023இல் தொடங்கியபோது 20 முதல் 40 ரூபாய். பஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீவில் இருப்பவருக்கு அந்த ஒப்பீடே கிடையாது என்பதையும் சேர்த்து.

முருகேசன்: இலவசம் என்றால் யார் பணம்?

வரிப்பணம்.

வேலு: இலவசம் என்றால் யாரோ ஒருவர் கட்டத்தானே வேண்டும்?

மேலே முருகேசன்.

சுந்தரி: அடுத்த மாதம் நியூயார்க் போகிறோம். சிலை தெரிய எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

என் துறை இல்லை என்றேனே அம்மா. மன்ஹாட்டனிலிருந்து போகும்போது வலது பக்கம். அக்கரையில் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். திரும்பி வர மறுபடி வரிசையில் போய் ஏறுங்கள்.