வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: மதுரைப் பக்கத்துக் கேள்விகள்

திருமங்கலத்திலிருந்து: அக்கா, காமராசர் யுனிவர்சிட்டியில எம்.ஏ. இங்கிலீஷ், அப்புறம் பி.எட். எந்த நாட்டுக்குப் போடலாம்?

பி.எட். கையில இருந்தா முதல்ல வளைகுடாவுல உள்ள சிபிஎஸ்இ பள்ளிகளுக்குப் போடுங்க தம்பி. ரெண்டு வருஷ அனுபவம் பெரும்பாலும் கேப்பாங்க. வியட்நாமுக்கு டிகிரியோட 120 மணி நேர டெஃபல் (வேற மொழிக்காரங்களுக்கு இங்கிலீஷ் கத்துக்கொடுக்கிற பயிற்சி) சான்றிதழ் எடுத்துக்கங்க. தாய்லாந்துல டோயிக்ங்கிற இங்கிலீஷ் தேர்வுல 600 மார்க் கேப்பாங்க. ஜப்பான்னா 12 வருஷம் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சதுக்குச் சான்று வேணும். தமிழ் மீடியத்துல படிச்சவங்க அதுல நேரத்தைப் போக்க வேண்டாம். கொரியாவுல இங்கிலீஷ் டீச்சர் விசா பெரும்பாலும் இங்கிலீஷைத் தாய்மொழியாப் பேசுற ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்.

மேலூரிலிருந்து: டிகிரியில இனிஷியல் மட்டும் இருக்கு, பாஸ்போர்ட்டுல அப்பா பேர் முழுசா இருக்கு. சிக்கல் வருமா?

வரும்மா. நம்ம பக்கத்துல நிறைய பேர் மாட்டுறது இதுலதான். இனிஷியல்னா என்னன்னே தெரியாத ஆபீஸ்ல ரெண்டும் வேற வேற ஆளாத்தான் தெரியும். ரெண்டும் ஒரே ஆள்னு நோட்டரியில ஒரு அஃபிடவிட் வாங்கி வைங்க. அனுபவச் சான்றிதழ் இனிமேதானே வாங்கப் போறீங்க? அதுல பாஸ்போர்ட் எழுத்துப்படியே பேர் போடச் சொல்லுங்க.

இன்னொண்ணு, டிகிரியை லேமினேட் பண்ணிடாதீங்க! சான்றிதழ் உண்மைன்னு அரசு போடுற அட்டெஸ்டேஷன் முத்திரையும், வெளிநாட்டுல செல்லும்னு வெளியுறவு அமைச்சகம் ஒட்டுற அப்போஸ்டில் ஸ்டிக்கரும் அந்தத் தாளோட பின்பக்கம் ஏறணும். பிளாஸ்டிக்கை உரிச்சா எழுத்தும் சேர்ந்து வந்துரும். புரொவிஷனலை நம்பாம பட்டமளிப்புச் சான்றிதழையே வாங்கிருங்க. முத்திரைக்கு முதல்ல மாநில உயர்கல்வித் துறை, அடுத்து வெளியுறவு அமைச்சகம். சவுதி, ஓமன், பஹ்ரைனுக்கு அப்போஸ்டிலோட முடிஞ்சுது. துபாய், கத்தார், குவைத்னா அந்தந்த நாட்டுத் தூதரகத்துலயும் முத்திரை வாங்கணும். போலீஸ் கிளியரன்ஸை (குற்ற வழக்கு இல்லைங்கிற சான்று) மதுரை பாஸ்போர்ட் ஆபீஸ் மூலமாவே வாங்கலாம். ரொம்பப் பழசானா ஏத்துக்க மாட்டாங்க, அதனால கடைசியா எடுங்க.

உசிலம்பட்டியிலிருந்து: ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேக்குறாரு. டூரிஸ்ட் விசாவுல போய் அங்க மாத்திக்கலாங்கிறாரு.

ஒரு ரூபா கொடுக்காதீங்க. வெளியுறவு அமைச்சகத்தோட இ-மைக்ரேட் தளத்துல அவரோட லைசென்ஸ் நம்பரைப் போட்டுப் பாருங்க. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். டூரிஸ்ட் விசாவுல வேலை பார்க்கிறவருக்குச் சம்பளம் நின்னா புகார் கொடுக்கக்கூட வழி இல்ல, மாட்டினா வெளியேத்திருவாங்க.

அனுப்பானடியிலிருந்து: அடுத்த வாரம் ஆன்லைன்ல டெமோ கிளாஸ். எப்படித் தயாராகணும்?

இலக்கணத்தை விளக்க ஆரம்பிச்சாலே நேரம் போயிரும். பத்து நிமிஷ டெமோன்னா உங்க பேச்சு மூணு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், மிச்சத்துல பிள்ளைகளைப் பேச விடுங்க. அங்க தமிழ்ல சொல்லிப் புரிய வைக்க முடியாது. அதனால ஒவ்வொரு கட்டளையும் நாலஞ்சு வார்த்தைக்குள்ள இருக்கட்டும், செஞ்சும் காட்டுங்க. “புரிஞ்சுதா?”ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டத்தான் செய்வாங்க. “தனியா செய்யணுமா, ஜோடியாவா?”ன்னு கேளுங்க. பதில்ல தெரிஞ்சுரும்.

அவரே: உச்சரிப்பு?

வியட்நாம் பிள்ளைகள் வார்த்தைக் கடைசி மெய்யை விட்டுருவாங்க. ‘ரைஸ்’, ‘ரைட்’ ரெண்டும் ‘ரை’ ஆயிரும். கடைசி எழுத்துக்குத் தனியாப் பயிற்சி கொடுங்க. நமக்கும் ஒரு குறை உண்டு. தமிழ் ‘ப’வுல காத்து வெளிய வராது, அதனால நம்ம ‘பென்’ (pen) வெளிநாட்டார் காதுல ‘Ben’ மாதிரி விழும். ஒரு தாளை வாய்க்கு நாலு விரக்கடை தள்ளிப் பிடிச்சு ‘பென்’ (pen), ‘டென்’ (ten), ‘கேட்’ (cat) சொல்லுங்க. தாள் ஆடணும். டெமோ வரைக்கும் தினமும் அஞ்சு நிமிஷம் செஞ்சு பாருங்க.