முதலில் பெடல், பிறகு ஸ்டீயரிங்: ஸ்டாக் கார் பந்தயம் பற்றிய கேள்வி பதில்

நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாஸ்கார் என்ற அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத் தொடரின் வகைக் கார்ப் பந்தயத்தைக் கணினியிலோ கன்சோலிலோ ஓட்டத் தொடங்க என்ன வாங்குவது, எப்படிப் பழகுவது என்பதுதான் எல்லாருக்கும் உள்ள சந்தேகம். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, ஃபார்முலா ஒன் விளையாட்டு ஓட்டியிருக்கிறேன். ஓவல் என்ற நீள்வட்டத் தடத்தில் இடப்பக்கம் மட்டுமே திரும்பிக்கொண்டிருப்பதில் என்ன சுவை?

தம்பி, எல்லாத் தடமும் ஒன்றல்ல. அமெரிக்காவின் டாலடேகா தடம் 2.66 மைல் சுற்று. திருப்பங்களில் தரை 33 டிகிரி சாய்ந்து நிற்கும். அங்கே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே வேண்டியிருக்காது. முன்னால் போகும் காரின் முதுகில் ஒட்டிக்கொண்டு, காற்றின் எதிர்ப்பு குறைந்த அந்த இடத்திலிருந்து எப்போது விலகி முந்துவது என்று முடிவெடுப்பதுதான் அங்கே ஆட்டம். மார்ட்டின்ஸ்வில் அரை மைலை ஒட்டிய சின்னத் தடம். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பிரேக்கை அழுத்தமாக மிதிக்க வேண்டும்; பிரேக்கை அளவுக்கு மேல் சூடேற்றியவனுக்குப் பந்தயத்தின் பின்பாதி நரகம்.

காரும் சாதாரணக் கார் அல்ல. பழைய வகை ஸ்டாக் கார்களில் வலப்பக்கப் பின் டயரின் சுற்றளவு இடப்பக்கத்தைவிடக் கூடுதல். அதனால் கார் தானாகவே இடப்பக்கம் இழுக்கும். நேர்ப்பாதையில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்துக்கொண்டே போவீர்கள். திருப்பத்தில் முன்பக்கம் திரும்ப மறுத்தால் 'டைட்' என்பார்கள், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் 'லூஸ்' என்பார்கள். டயர் தேயத் தேய ஒரே கார் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். ஐம்பதாவது சுற்றில் ஓட்டும் கார், முதல் சுற்றில் ஓட்டிய கார் அல்ல.

திருப்பத்தில் செய்ய வேண்டியது இதுதான்: சீக்கிரமே காலை எடுங்கள். பிரேக்கைத் தொட்டு, காரின் மூக்கைத் திருப்பத்தின் உள்ளே விடுங்கள். பிறகு காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் புதியவர்களுக்கு வராது. மூக்கு திருப்பத்தின் வெளிவாசலைப் பார்த்த பிறகு, வயலுக்கு மடை திறப்பதுபோல ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். ஒரேயடியாக மிதித்தால் பின் டயர் சூடேறி, பத்தே சுற்றில் கார் லூஸ் ஆகிவிடும்.

மேலப்பாளையம்: அண்ணாச்சி, என்னிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. எந்த விளையாட்டு, எந்த ஸ்டீயரிங்?

'நாஸ்கார் 25' வாங்குங்கள். 2025 அக்டோபரில் வந்தது. செய்தவர்கள் ஐரேசிங் நிறுவனத்தார். கையில் இருக்கும் கன்ட்ரோலரிலேயே ஓட்டலாம். ஒரு மாதம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். ஆசை தங்கினால் ஸ்டீயரிங் பற்றி யோசிக்கலாம்.

ஸ்டீயரிங் வாங்கும்போது பெட்டியின் மேல் எந்தக் கன்சோலின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். லாஜிடெக் ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும் பொருந்தும். ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும். ஜி923 இரண்டு வகையாக வருகிறது. விலை குறைவு என்று ஜி920-ஐ வாங்கி வந்தால் உங்கள் பிளேஸ்டேஷன் அதைத் திரும்பியும் பார்க்காது. மோசா ஆர்5 என்ற ஸ்டீயரிங் கணினிக்கு மட்டுமே.

அம்பாசமுத்திரம், கணினி வைத்திருப்பவர்: ஐரேசிங் பெரிய செலவு என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். ஐரேசிங் என்பது கணினியில் இணையம் வழியே மற்றவர்களோடு ஓட்டும் பந்தயம், சந்தா முறை. டாலரில் கட்ட வேண்டும், உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும். சந்தாவுடன் சில கார்களும் தடங்களும் கிடைக்கும், மற்றவற்றைத் தனித்தனியே வாங்க வேண்டும். சந்தா நின்றால் வாங்கியவற்றையும் ஓட்ட முடியாது. புதியவர்களுக்கு அடிக்கடி தள்ளுபடி வரும். அதற்குக் காத்திருந்து சேருங்கள்.

ஆனாலும் ஓவல் பந்தயத்தை ஒழுங்காகக் கற்க அதற்கு நிகரான இடம் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. 2008-இல் தொடங்கியது, தடங்களை லேசர் கொண்டு அளந்து, மேடு பள்ளம் உட்பட அப்படியே எடுத்திருக்கிறார்கள். எல்லாரும் ரூக்கி என்ற தொடக்க நிலை உரிமத்தில்தான் தொடங்க வேண்டும். தடத்தை விட்டு வெளியே போனால் ஒரு புள்ளி, கட்டுப்பாட்டை இழந்தால் இரண்டு, இன்னொரு காரைப் பலமாக மோதினால் நான்கு என்று தவறு எண்ணப்படும். எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பு மதிப்பெண் இறங்கும், மேல் உரிமம் கிடைக்காது. ஆகவே தொடக்கத்தில் வெல்வதை மறந்துவிடுங்கள். கடைசியிலிருந்து புறப்பட்டு, முன்னால் மோதிக்கொள்பவர்களைத் தாண்டி, அடிபடாமல் முடியுங்கள். நடு இடங்களில் வந்து நிற்பீர்கள்.

ஐரேசிங்கில் சேர அவசரம் இல்லையென்றால் 'அசெட்டோ கோர்சா' என்ற விளையாட்டு குறைந்த விலையில் கிடைக்கும். ரசிகர்கள் செய்த ஓவல் தடங்களைச் சேர்த்துத் தனியாக ஓட்டிப் பழகலாம்.

வள்ளியூர்: ஜி29 வாங்கிவிட்டேன். பிரேக்கை மிதித்தால் பெடல் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் போகிறது.

நம் வீடுகளில் எல்லாருக்கும் வரும் தொல்லை இது. பெடலின் அடியில் உள்ள பிடிமானம் கம்பளத்துக்காகச் செய்தது, டைல்ஸில் நிற்காது. ஒரு கனமான பலகையில் பெடலைத் திருகி, பலகையின் மறுமுனையைச் சுவரோடு முட்டக் கொடுங்கள். நாற்காலியின் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் நாற்காலிக் காலையும் பலகையையும் ஒரு நாடாவால் இழுத்துக் கட்டுங்கள். நீங்கள் மிதிக்கும் விசையே இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாருக்கும் சொல்கிறேன்: அடுத்த பணம் கையில் வந்தால் பெரிய மோட்டார் உள்ள ஸ்டீயரிங்குக்கு ஓடாதீர்கள். அசையாத இருக்கையும், காலின் அழுத்தத்தையே அளக்கும் லோட் செல் பிரேக்கும்தான் முதலில். கால் எவ்வளவு தூரம் போனது என்பதைவிட, எவ்வளவு அழுத்தியது என்பதைத்தான் நம் உடல் நினைவில் வைத்துக்கொள்ளும். சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி பிரேக் போட வருவது அதனால்தான்.

பேட்டை, வெல்டிங் பட்டறைக்காரர்: இருக்கையோடு ஸ்டாண்டு செய்து தரச் சொல்லி ஒரு பையன் வந்தான். எதைக் கவனிக்க வேண்டும்?

40 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம் தாராளமாகப் போதும். பழைய கார் உதிரிக் கடையில் இருக்கை கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பற்றவைத்துவிடாதீர்கள். பெடல் தட்டும் ஸ்டீயரிங் தட்டும் முன்னும் பின்னும் நகரும்படி நீள்துளை விடுங்கள். பையனை உட்கார வைத்து, முழங்கை மடங்கியிருக்கிறதா, பிரேக்கை முழுதாக அழுத்தும்போதும் முழங்கால் நேராக விறைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் தட்டு ஒரு நூல்கூட வளையக் கூடாது. அங்கே குறுக்குத் தாங்கி கட்டாயம். உவரி, கூடங்குளம் பக்கம் போகும் ஸ்டாண்டு என்றால் உப்புக் காற்றுக்கு ரெட் ஆக்சைடு அடித்த பிறகு பெயின்ட் அடியுங்கள்.

தென்காசி: கியர் கம்பு தனியாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஓவலில் பெரும்பாலும் ஒரே கியரில்தான் ஓடுவீர்கள். 2022-இல் வந்த நாஸ்காரின் நெக்ஸ்ட் ஜென் கார் 5 கியர் சீக்வென்ஷியல், அதாவது கியர் ஒன்றன்பின் ஒன்றாகவே மாறும். ஸ்டீயரிங்கின் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் பட்டையே போதும்.

சங்கரன்கோவில், ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர்: தம்பி, பேரனுடைய ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். வேகமே தெரியவில்லை, சுவரில் போய் இடிக்கிறேன்.

ஐயா, பஸ்ஸில் இருக்கை வழியே உடம்புக்கு வந்த சேதி இங்கே வராது. கண்ணும் கையும்தான் மிச்சம். அதனால் மானிட்டரை ஸ்டீயரிங்குக்கு நேர் பின்னால், எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே வைக்கச் சொல்லுங்கள். பிறகு திரையின் அகலத்தையும் கண்ணிலிருந்து திரைக்குள்ள தூரத்தையும் அளந்து, விளையாட்டின் பார்வைக் கோணத்தை அதற்கேற்ப அமைக்க வேண்டும். காட்சி ஒடுங்கியதுபோல் தோன்றும். ஆனால் தூரமும் வேகமும் சரியாகப் பிடிபடும். ஸ்டீயரிங் மோட்டார் கைக்குத் தரும் விசையையும் குறைத்து வையுங்கள். மோட்டாரின் சக்திக்கு மேல் வைத்தால் எல்லா விசையும் ஒரே கனமாகி, டயர் வழுக்கத் தொடங்குவது கைக்குத் தெரியாமல் போய்விடும்.

தச்சநல்லூர்: கரண்ட் போனால்? வைஃபை போதுமா?

கணினி, மானிட்டர், ரவுட்டர், ஸ்டீயரிங் நான்கையும் தாங்கும் யூபிஎஸ் வேண்டும். வாட் கணக்கைக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ரவுட்டரிலிருந்து கம்பி இழுத்துவிடுங்கள். இணைப்பு விட்டுவிட்டு வந்தால் உங்கள் கார் மற்றவர்களுக்குத் தாவித் தாவித் தெரியும். அவர்கள் பந்தயமும் கெடும்.

இணையப் பந்தயங்களில் கூட்டம் அதிகம் சேர்வது அமெரிக்க மாலையில். அவர்களுடைய கிழக்குப் பகுதியில் இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30.

திசையன்விளை, ஒரு தாய்: ஐயா, பிளஸ் டூ படிக்கும் மகன் இதில் எதிர்காலம் இருக்கிறது என்கிறான். நம்பலாமா?

அம்மா, அவன் சொல்வது பொய் இல்லை. வில்லியம் பைரன் என்ற ஓட்டுநர் ஐரேசிங்கில் பழகித்தான் நிஜக் காருக்குப் போனார். 2024, 2025 இரண்டு ஆண்டும் நாஸ்காரின் புகழ்பெற்ற டேட்டோனா 500 பந்தயத்தை வென்றார். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்கார் டிரக் தொடரில் ஓட்டினார். ஆனால் பைரனுக்கு நிஜத் தடம் கார் ஓடும் தூரத்தில் இருந்தது. நம் நாட்டில் நாஸ்கார் ஓடும் ஓவல் தடம் கிடையாது. பிழைப்பாக நம்ப வேண்டாம். தேர்வு முடியும்வரை வார இறுதியில் இரண்டு மணி நேரம் விடுங்கள். கார் எப்படி வேலை செய்கிறது என்று அவனுக்கு ஆர்வம் வந்திருந்தால், சஸ்பென்ஷனும் டயர் அழுத்தமும் ஏன் மாற்றுகிறாய் என்று அவனிடமே கேளுங்கள். விளக்கிச் சொல்ல வருகிறது என்றால், மெக்கானிக்கல் பாடத்துக்கு விண்ணப்பம் போடும்போது அதை மனதில் வையுங்கள்.