மே மாதம் பட்டம், ஜூன் மாதம் லேப் வேலை: ஓபிடி இல்லாமல் சேரலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கிறாள். மே 8-ஆம் தேதி படிப்பு முடிகிறது. ஆகஸ்ட் கடைசியில் வேறு மாநிலத்தில் இன்னொரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர இடம் கிடைத்துவிட்டது. இடையில் ஜூன், ஜூலை மாதங்களில் தன் லேபிலேயே முழுநேரம் வேலை செய்யச் சொல்கிறார் இப்போதைய பேராசிரியர். சம்பளம் உண்டு. "இரண்டு வருஷமாக இங்கேதானே வேலை பார்க்கிறாய், தனி அனுமதி எதற்கு?" என்கிறார். என் நண்பரின் மகனும் போன வருஷம் எம்.எஸ். முடித்த கையோடு இப்படித்தான் கோடையில் வேலை செய்தான். ஓபிடி (மாணவர் தன் துறையில் வேலை செய்ய அமெரிக்க அரசு தரும் தற்காலிக அனுமதி) எதுவும் வாங்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒரு கன்சல்டன்ட், "ஓபிடி இல்லாமல் முடியாது, 1,500 டாலர் கொடுங்கள், கம்பெனி லெட்டரோடு முடித்துத் தருகிறேன்" என்கிறார். யார் சொல்வது சரி? (மார்ச் மாதம் நாமக்கல்லிலிருந்து ஒரு தந்தை எழுதியது)

பதில்: பேராசிரியர் சொல்வது தவறு, ஐயா. நண்பரின் மகன் செய்தது அநேகமாகச் சரி, ஆனால் அது உங்கள் மகளுக்குப் பொருந்தாது. கன்சல்டன்ட் சொன்னதில் பாதி சரி, ஓபிடி கட்டாயம் வேண்டும். அந்த 1,500 டாலரும் கம்பெனி லெட்டரும்தான் ஆபத்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எஃப்-1 மாணவர் தன் பல்கலைக்கழக வளாகத்துக்குள் வேலை செய்யக் குடியேற்றத் துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், விடுமுறையில் முழுநேரம். உங்கள் மகள் இரண்டு வருஷமாக வேலை பார்த்தது இந்தக் கணக்கில்தான், பேராசிரியர் நினைத்துக்கொண்டிருப்பதும் இதைத்தான். ஆனால் கோடை விடுமுறை என்பது அடுத்த செமஸ்டரில் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறவருக்குத்தான் உண்டு. படிப்பை முடித்தவருக்கு விடுமுறை என்று ஒன்று இல்லை. படிப்பு முடியும் நாளோடு வளாக வேலைக்கான உரிமையும் முடிந்துவிடும்.

அந்த நாள் எது என்பதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். பட்டமளிப்பு விழா நடக்கும் தேதி அல்ல, கையில் சான்றிதழ் வரும் தேதியும் அல்ல. மகளிடம் உள்ள, பல்கலைக்கழகம் மாணவர் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில் 'புரோகிராம் எண்ட் டேட்' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தத் தேதிதான் கணக்கு. அதுவும் சேர்ந்த புதிதில் அச்சடித்துத் தந்த பழைய ஐ-20 வேண்டாம். அதில் ஆகஸ்ட் என்றோ டிசம்பர் என்றோ தாராளமாகப் போட்டிருப்பார்கள். மாணவர் மே மாதம் முடிக்கிறார் என்று தெரிந்ததும் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் செவிஸ் எனப்படும், வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுக் கணினிப் பதிவில் தேதியை முன்னால் கொண்டுவந்துவிடும். "ஐ-20-யில் ஆகஸ்ட் வரை இருக்கிறதே" என்று பழைய தாளை நம்பி ஜூன் முழுக்க வேலை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பு முடிந்தபின் கிடைக்கும் 60 நாள் அவகாசத்தைப் பற்றியும் இதே குழப்பம். அந்த 60 நாளும் அமெரிக்காவில் தங்கலாம், வேறு பல்கலைக்கழகத்துக்குப் பதிவை மாற்றலாம், ஊருக்குக் கிளம்பலாம். வேலை மட்டும் செய்யக்கூடாது.

இதில் எனக்குத் தீராத ஆத்திரம் ஒன்று உண்டு. மே 8 அன்று அதே மேசையில், அதே மைக்ரோஸ்கோப்பில் சட்டப்படி வேலை செய்த பெண், மே 9 அன்று அதைத் தொட்டால் சட்ட மீறல். இதைப் பேராசிரியருக்குச் சொல்ல ஆளில்லை. துறையின் செயலர் வழக்கம்போல எல்லா மாணவர்களுக்கும் கோடைச் சம்பளப் படிவத்தை நீட்டிவிடுவார். சம்பளப் பிரிவின் கணினியில் மகளின் பெயரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் ஏற்கெனவே இருப்பதால் ஜூன் மாதச் சம்பளமும் தடையில்லாமல் வங்கியில் விழும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேள்வி வருவது மூன்று, நான்கு வருஷம் கழித்து, எச்-1பி வேலை விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ விண்ணப்பிக்கும்போது. அப்போது பழைய சம்பளச் சீட்டுகளைக் கேட்டால் "பேராசிரியர் சொன்னார், பல்கலைக்கழகமே சம்பளம் போட்டது" என்ற பதில் செல்லாது. பேராசிரியருக்கு ஒன்றும் ஆகாது, விசா போவது மாணவருக்கு.

இனி உங்கள் நண்பரின் மகன் விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பாதி தவறான அறிவுரை இங்கிருந்துதான் பிறக்கிறது.

அந்தப் பையன் எம்.எஸ். முடித்துவிட்டு அதே பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்ந்தானா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறேன். விதியில் அதற்கென்று ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு படிப்பை முடித்தவருக்கு அதே கல்வி நிறுவனம் அடுத்த படிப்புக்குப் புதிய ஐ-20 கொடுத்திருந்து, அடுத்த வழக்கமான செமஸ்டரில் அவர் சேரப்போகிறார் என்றால், இடைப்பட்ட கோடையில் வளாக வேலையைத் தொடரலாம். ஓபிடி வேண்டாம், கட்டணம் வேண்டாம்.

இந்த விலக்கில் கவனிக்க வேண்டியவை உண்டு. முதலில், புதிய ஐ-20 கைக்கு வந்திருக்க வேண்டும். "அட்மிஷன் வந்துவிட்டது, ஐ-20 அடுத்த மாதம் வரும்" என்ற நிலை போதாது. பழைய படிப்பு முடிவதற்குள் புதியதை வாங்கிவிடுவதுதான் பாதுகாப்பு. அடுத்து, ஆகஸ்டில் சேரும் எண்ணம் உண்மையாக இருக்க வேண்டும். கோடை முழுவதும் லேபில் வேலை பார்த்துவிட்டு, ஆகஸ்டில் "பிஎச்.டி. வேண்டாம், வெளியே வேலைக்குப் போகிறேன்" என்றால் சிக்கல். அப்புறம், அதே கல்வி நிறுவனம் என்றால் ஐ-20 கொடுத்த அதே நிறுவனம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் என்று பெயர் ஒன்றுதான், ஆனால் பெர்க்லியில் எம்.எஸ். முடித்து சான் டியாகோவில் பிஎச்.டி. சேர்கிறவருக்கு அது வேறு கல்வி நிறுவனம், இடமாற்றம்தான். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஐ-20-யின் முதல் பக்கத்தில் இருக்கும் கல்வி நிறுவனக் குறியீட்டைப் பாருங்கள்.

உங்கள் மகள் வேறு மாநிலத்துக்கே போகிறார். எனவே அந்த விலக்கு அவருக்கு இல்லை. செவிஸ் பதிவைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு இப்போதே மாற்றிவிட்டுப் பழைய லேபில் வேலை செய்யலாமா என்றால் அதுவும் முடியாது. எந்தப் பல்கலைக்கழகத்திடம் பதிவு இருக்கிறதோ அந்த வளாகத்தில் மட்டுமே வளாக வேலை. ஆக, இப்போதைய லேபில் கோடையில் சம்பளத்துக்கு வேலை செய்ய ஒரே வழி, படிப்புக்குப் பிந்தைய ஓபிடி.

அதற்கு யாருக்கும் 1,500 டாலர் தர வேண்டாம். மகள் இந்த வாரமே தன் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய் டிஎஸ்ஓ எனப்படும் பொறுப்பு அதிகாரியைப் பார்க்கட்டும். ஜூன் 1 முதல் ஓபிடி வேண்டும் என்று கேட்டால், அவர் செவிஸில் பரிந்துரை போட்டுப் புதிய ஐ-20 தருவார், அதன் இரண்டாம் பக்கத்தில் ஓபிடி விவரம் இருக்கும். அதை வைத்து மகளே இணையத்தில் வேலை அனுமதிக்கான ஐ-765 படிவத்தை நிரப்பலாம். அரசுக் கட்டணம் 470 டாலர். டிஎஸ்ஓ பரிந்துரை போட்ட 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தாண்டினால் பணத்தையும் வைத்துக்கொண்டு நிராகரிப்பார்கள். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் உங்கள் மகளுக்குக் கதவு பிப்ரவரியிலேயே திறந்துவிட்டது. சில வாரத்தில் அனுமதி வருவதும் உண்டு, மூன்று மாதம் இழுப்பதும் உண்டு. இரண்டு மாத வேலைக்கு மூன்று மாதம் காத்திருக்க வைக்கும் நிர்வாகத்தை என்னவென்று சொல்ல!

எம்.எஸ். முடித்தவருக்குக் கிடைக்கும் 12 மாத ஓபிடியில் இரண்டு மாதம்தானே பயன்படும், மீதி வீணாகுமே என்று சிலர் தயங்குகிறார்கள். பிஎச்.டி. சேர்ந்தால் அந்த மீதி எப்படியும் போய்விடும். பிஎச்.டி. முடிக்கும்போது புதிதாக 12 மாதம் கிடைக்கும். எனவே தயங்க ஒன்றுமில்லை.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். அட்டையில் கேட்டகிரி என்ற இடத்தில் சி03பி என்றும், கீழே 'வேலிட் ஃப்ரம்' தேதியும் இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் ஒரு நாள்கூட வேலை கூடாது. அட்டை தபாலில் வரும் முகவரியைக் கவனியுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் வாடகை வீட்டைக் காலி செய்வார்கள். குடியேற்றத் துறையின் தபாலைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லி அஞ்சலகத்தில் எழுதிக்கொடுத்தாலும் பலனில்லை, அது அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கோடை முழுக்க ஊரை விட்டு நகராத ஒரு நண்பரின் முகவரியைக் கொடுப்பது நல்லது.

அட்டை தாமதமானால் பேராசிரியர் அநேகமாக ஒன்று சொல்வார்: "அதுவரை சம்பளம் இல்லாமல் வந்து போ, அட்டை வந்ததும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்." தயவுசெய்து மகளை இதற்கு ஒப்புக்கொள்ள விடாதீர்கள். சம்பளம் வாங்கவில்லை என்பதாலேயே ஒரு வேலை தன்னார்வச் சேவை ஆகிவிடாது. சாதாரணமாகச் சம்பளம் கொடுத்துச் செய்யவைக்கும் வேலையை இலவசமாகச் செய்தாலும் அது வேலைதான். பின்னால் பணம் தருவதாகப் பேசிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் இந்த ஒரு வாக்கியத்தால் கெட்டுப்போன பதிவுகள் நிறைய. அட்டை வரும்வரை மகள் தன் ஆய்வுக் கட்டுரையை வீட்டில் உட்கார்ந்து எழுதட்டும், லேபுக்குள் சோதனை செய்யப் போக வேண்டாம்.

இப்போது அந்தக் கன்சல்டன்ட். ஓபிடிக்கு விண்ணப்பிக்க எந்தக் கம்பெனியின் லெட்டரும் தேவையில்லை. வேலை கிடைப்பதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதுதான் விதி. அப்படியிருக்க அவர் எதற்கு லெட்டர் விற்கிறார்? ஓபிடி காலத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்கக்கூடாது என்ற பயத்தை வைத்து இல்லாத கம்பெனியில் இருப்பதாகக் காட்டும் வியாபாரம் அது. 2020 அக்டோபரில் இப்படி இல்லாத கம்பெனிகளில் வேலை செய்வதாகக் காட்டிய 15 மாணவர்களை அமெரிக்க அதிகாரிகள் கைது செய்தார்கள். அவர்களில் 11 பேர் இந்தியர்கள். உங்கள் மகளுக்கோ உண்மையான லேபில் உண்மையான வேலை காத்திருக்கிறது. அதன் மேல் ஒரு பொய்யை எதற்காக ஏற்ற வேண்டும்?

இதே ஆட்கள் அடுத்ததாக 'டே ஒன் சிபிடி' என்று ஒன்றைக் கொண்டுவருவார்கள். சிபிடி என்பது படிக்கும்போதே பாடத்தின் பகுதியாகச் செய்யும் பயிற்சி வேலை. சேர்ந்த முதல் நாளிலிருந்தே முழுநேர வேலை, வகுப்புக்குப் பெயருக்குப் போனால் போதும் என்பார்கள். மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்றை அமெரிக்க குடியேற்ற அமலாக்கத் துறையே போலியாக நடத்தி, 2019 ஜனவரியில் இப்படிச் சேர்ந்த மாணவர்களைக் கைது செய்தது. கைதான சுமார் 130 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். இப்படி ஆசை காட்டி வலை விரித்த அரசை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனவர்கள் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிய நம் ஊர் ஆட்கள்தான்.

கன்சல்டன்டிடம் மகளின் பாஸ்போர்ட் நகலோ, யூஎஸ்சிஐஎஸ் எனப்படும் குடியேற்றத் துறையின் இணையக் கணக்கின் கடவுச்சொல்லோ ஏற்கெனவே போயிருந்தால் கடவுச்சொல்லை இன்றே மாற்றச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் அவருடைய மின்னஞ்சலோ முகவரியோ இருக்கவே கூடாது.

பிஎச்.டி.க்கு மாறும் தேதியையும் இப்போதே திட்டமிடுங்கள். செவிஸ் பதிவு புதிய பல்கலைக்கழகத்துக்குப் போகும் நாளில் ஓபிடி தானாக முடிந்துவிடும். எனவே லேபில் கடைசி வேலை நாள் முடிந்தபின், உதாரணமாக ஆகஸ்ட் முதல் வாரத்தில், பதிவை விடுவிக்கச் சொல்லி டிஎஸ்ஓவிடம் தேதி குறிக்க வேண்டும். அந்த நாளுக்குப் பிறகுதான் புதிய பல்கலைக்கழகம் ஐ-20 தர முடியும். ஆகவே அந்தச் சமயத்தில் ஊருக்கு வந்துபோகும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். டிசம்பர் விடுமுறையில் நிதானமாக வரட்டும்.

கடைசியாகச் சம்பளச் சீட்டு. அமெரிக்காவுக்கு வந்து ஐந்து காலண்டர் வருஷம் தாண்டாத எஃப்-1 மாணவருக்குப் பொதுவாக சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகள் கிடையாது. ஓபிடியிலும் அப்படித்தான். ஆனால் மாணவர் பட்டியலிலிருந்து ஊழியர் பட்டியலுக்கு மாறியதும் சம்பளப் பிரிவின் கணினி தானாக 7.65 சதவீதத்தைப் பிடித்துவிடுவதுண்டு. ஜூன் மாத முதல் சீட்டிலேயே மகள் அதைப் பார்த்துவிட வேண்டும். பிடித்திருந்தால் முதலில் பல்கலைக்கழகச் சம்பளப் பிரிவிடம் எழுதிக் கேட்கட்டும். அவர்கள் திருப்பித் தராவிட்டால் வரித்துறைக்கு 843-ஆம் எண் படிவம் இருக்கிறது.