அந்தப் பிள்ளையின் அம்மா

வணக்கம் அக்கா,

திருச்சியில் இதழியல் படிக்கிறேன். எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒரு சிறுமியைப் பள்ளியில் சேர்க்க மறுத்தது பற்றிய செய்திக் கட்டுரை ஒன்றை வகுப்பில் படித்தோம். அரைப்பக்கம், முழுக்கக் கதை மாதிரி எழுதியிருந்தார்கள். வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எச்.ஐ.வி. என்றாலே முகம் சுளிக்கிறவர் கண் கலங்கிவிட்டார். "பெத்தவங்க செஞ்சதுக்கு அந்தப் பிள்ளை என்ன பண்ணும்?" என்றார். ஒரு மனிதரின் கதையாகச் சொன்னால் படிக்கிறவர் மனம் மாறும் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். உண்மையிலேயே மாறுமா? இல்லை, அந்த ஒரு பிள்ளைக்காக அழுதுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோமா?

ஒரு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

மாறும். உங்கள் பேராசிரியர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் பேட்சனும் அவருடைய குழுவினரும் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எய்ட்ஸ் வந்த ஓர் இளம்பெண், வீடில்லாத ஒருவர், கொலைக்குற்றவாளி என்று மூன்று பேரை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆளின் கதையை, அவர் மனநிலையில் தன்னை வைத்துக் கேட்டவர்களுக்கு, அவரைப் போன்ற எல்லார் மீதும் பார்வை இளகியது. கொலைக்குற்றவாளி விஷயத்தில் மட்டும் உடனே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதுதான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. கதை உள்ளே போய் மெதுவாக வேலை செய்கிறது. செய்திக்கும் இது பொருந்துகிறது. குடியேறிகள், கைதிகள், முதியவர்கள் ஆகியோரின் மருத்துவச் சிக்கல்களைக் கதையாக எழுதியபோது படித்தவர்களுக்கு அந்தப் பிரிவினர் மீது பரிவு கூடியதை 2012-இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது.

ஆனால் என்னை உறுத்துவது உங்கள் அம்மா சொன்ன வாக்கியம். அதில் பாதி இரக்கம், பாதி தீர்ப்பு. பிள்ளை தப்பு செய்யவில்லை, பெற்றவர்கள் செய்தார்கள். உங்கள் அம்மாவைக் குறை சொல்லவில்லை. கட்டுரை அவரை அங்கேதான் கொண்டுபோய் விட்டிருக்கும். பிள்ளையைப் பார்த்து அழ வைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடந்தது. இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரயன் ஒயிட் என்ற சிறுவனுக்கு ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். அதற்காக ஏற்றிய ரத்தப்பொருள் வழியாக எச்.ஐ.வி. வந்தது. 1984 டிசம்பரில் எய்ட்ஸ் என்று தெரிந்தது, அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம் கதவைச் சாத்தியது. அவன் நடத்திய போராட்டத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஏராளமானவர்களின் பயம் அவனால்தான் குறைந்தது. ஆனால் அவனை 'அப்பாவி' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, அதே நோயில் செத்துக்கொண்டிருந்த ஓரினச்சேர்க்கையாளர்களும் போதை ஊசி போட்டவர்களும் என்ன ஆனார்கள்? சொல்லாமலே குற்றவாளிகள் ஆனார்கள். ரயனுக்கே இந்தப் பிரிவினை பிடிக்கவில்லை. எப்படி வந்திருந்தாலும் எய்ட்ஸ் உள்ள மற்றவர்களைப் போலத்தான் நானும் என்று அவன் சொல்லுவான் என அவன் அம்மா பின்னால் சொல்லியிருக்கிறார். 1990 ஏப்ரலில், 18 வயதில் இறந்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் அவன் பெயரால் வந்த சட்டத்தின் கீழான உதவி, தொற்று எப்படி வந்தது என்று கேட்காமல் கிடைக்கிறது. அவனைப் பற்றி வந்த செய்திகளைவிட அந்தச் சட்டம் அவனை நன்றாகப் புரிந்துகொண்டது என்பேன்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், பாலியல் தொழில் செய்த பெண்களிடம். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அது மருத்துவத்தில் பெரிய விஷயம். ஆனால் அப்புறம், தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்களைக் காப்பகத்திலிருந்து வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் அவர்களை நேரில் சந்தித்துப் பேசினார், வழக்குப் போட்டார். 1990-இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவிக்கச் சொன்னது. அந்தப் பெண்களை யாரும் அப்பாவிகள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உங்கள் வகுப்பில் படித்த கட்டுரையை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் அம்மா அதில் பேசுகிறாரா, அழ மட்டும் செய்கிறாரா? நம் நாட்டில் ஏராளமான பெண்களுக்கு இந்தத் தொற்று கணவர் வழியாக வந்தது. அதைச் சொன்னால்கூட அடுத்து கணவரைக் குற்றவாளி ஆக்கிவிடுவோம், கவனமாக இருங்கள். மாத்திரை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோதே தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் அது கிடைத்தது. இன்று ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூடத் தொற்று பரவாது. இதைப் படித்திருந்தால் உங்கள் அம்மாவின் பயமும் கொஞ்சம் விலகியிருக்கும். வெறும் இரக்கத்துக்கு அந்த வேலை தெரியாது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால், பள்ளி நிர்வாகத்தின் மீது வர வேண்டிய கோபம் விதியின் மீது போய்விடும்.

படத்தையும் பாருங்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சீருடையையும் தெருவையும் அப்படியே விட்டிருந்தால் ஊரில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கட்டுரை படித்து நாம் அழுத மறுநாள் அந்தப் பிள்ளை அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

நீங்கள் எழுதும்போது, மருந்து எடுத்துக்கொண்டு பல வருஷமாக வேலைக்குப் போய் வருகிற ஒருவரைத் தேடுங்கள். துரத்தியடித்தால் அல்லது செத்தால்தான் செய்தி என்று உங்கள் ஆசிரியர் குழு சொல்லும். விடாதீர்கள். எப்படித் தொற்று வந்தது என்ற அந்த ஒரு கேள்வியைத் தவிர்த்துவிட்டு முழுப் பேட்டியையும் எடுத்துப் பாருங்கள். எழுதி முடித்ததும் முதலில் உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.