வாசகர் கேள்வி – பதில்: 1978-இன் நடிகைகள்

தஞ்சாவூர் வாசகி: தமிழ்த் திரையில் நடிகைகளின் நடிப்பு மிகச் சிறந்து விளங்கிய ஆண்டு என்று எதைச் சொல்வீர்கள்? அந்த ஆண்டில் யாருக்கு முதலிடம் தருவீர்கள்?

பதில்: தயங்காமல் 1978 என்பேன். அந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரஜினிகாந்த், கமல்ஹாசன் இருவரின் எழுச்சியையும், மகேந்திரன், ருத்ரையா என்னும் புதிய இயக்குநர்களின் வரவையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுடைய படங்கள் இன்றும் நினைக்கப்படுவதில் அவற்றில் நடித்த பெண்களுக்குள்ள பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

முதலிடம், 'அவள் அப்படித்தான்' படத்தில் மஞ்சுவாக நடித்த ஸ்ரீப்ரியாவுக்குத்தான். விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் மஞ்சு, தாயின் வாழ்க்கை தந்த காயத்தோடு வளர்ந்தவள். நம்பிய ஆண்களால் ஏமாற்றப்பட்டவள். அதனால் அன்போடு நெருங்குகிறவனையும் சந்தேகிக்கிறவள். இப்படிப்பட்ட பாத்திரம் கிடைத்தால் ரசிகர்களின் இரக்கத்தைச் சம்பாதிக்கும் வகையில் அழுது நடிப்பதுதான் அக்கால வழக்கம். ஸ்ரீப்ரியாவோ இரக்கத்தை எங்கும் யாசிக்கவில்லை. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருணிடம் மஞ்சு தன் கடந்த காலத்தைச் சொல்லும் இடங்களைக் கவனியுங்கள்: கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் பாதி முகம் இருளில் இருக்க, அடுத்தவர் கதையைச் சொல்வது போன்ற நிதானத்தில் பேசுகிறார், சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கண்களில் கோபமும் களைப்பும் ஒருசேரத் தெரிகின்றன.

இறுதிக் காட்சியில், அருணின் காரில் அவனுடைய புது மனைவியும் இருக்கிறாள். பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மஞ்சு கேட்க, தனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது என்கிறாள் அந்த மனைவி; அதனால்தான் நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்ற பொருளில் மஞ்சு பதில் சொல்கிறாள். சற்றுப் பிசகினாலும் ஏளனமாகிவிடக்கூடிய வசனம் அது. ஸ்ரீப்ரியா அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் மீது துளி வெறுப்பும் இல்லை. தனக்கு வாய்க்காததைப் பார்க்கிறவளின் ஏக்கம் மட்டுமே இருக்கிறது. அதே ஆண்டு ஸ்ரீதரின் 'இளமை ஊஞ்சலாடுகிறது' படத்தில் வண்ணமும் பாட்டுமாக வந்து போனவரும் இவரே என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த நடிப்புக்கு அவர் எவ்வளவு தொலைவு கடந்து வந்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

மதுரை வாசகர்: 'முள்ளும் மலரும்' முழுக்க முழுக்க ரஜினியின் படம் அல்லவா? ஷோபாவுக்கு அதில் பெரிதாக என்ன வேலை?

பதில்: ரஜினி நடித்த காளியின் கோபத்துக்கும் முரட்டுப் பாசத்துக்கும் பொருள் கிடைப்பதே ஷோபா நடித்த தங்கை வள்ளியால்தான். உமாசந்திரனின் நாவலைத் தழுவி மகேந்திரன் இயக்கிய அந்தப் படத்தில் வள்ளிக்கு நீண்ட வசனங்கள் கிடையாது. என்ஜினீயரை மணக்க அண்ணனை எதிர்த்துப் புறப்பட்டுவிட்ட வள்ளி, தன்னை எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள் என்று காளி தனித்து நிற்பதைக் கண்டதும், கூட்டத்திலிருந்து விலகி ஓடி வந்து அவனைக் கட்டிக்கொள்கிறாளே, அந்த ஓட்டத்தில் ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. திருமணத்தின் மீதுள்ள ஆசையும் அண்ணனை விட முடியாத தவிப்பும் அவர் முகத்தில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. அந்த அணைப்பை நாம் நம்பவில்லை என்றால், அதற்குப் பிறகு காளி பெருமிதத்தோடு சம்மதம் தருவதையும் நம்பியிருக்க மாட்டோம். ரஜினியின் புகழ்பெற்ற அந்தக் கட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் ஷோபாதான். சாப்பாட்டு ஆசையைக் கூச்சமின்றி வெளிப்படுத்தும் மங்காவாக வந்த படாபட் ஜெயலட்சுமியையும் மறந்துவிடாதீர்கள். காளியின் வீட்டுக்குச் சிரிப்பைக் கொண்டுவந்தவர் அவர்.

கோயம்புத்தூர் வாசகி: அப்போது ஷோபாவும் ஸ்ரீதேவியும் மிகச் சிறியவர்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1978 ஆகஸ்ட் 15 அன்று 'முள்ளும் மலரும்' வெளியானபோது ஷோபாவுக்குப் பதினாறு வயது நிறைந்திருக்கவில்லை. பாலசந்தரின் 'நிழல் நிஜமாகிறது' படத்தில் ஏமாற்றப்படும் வேலைக்காரப் பெண்ணாக அவர் நடித்தது அதற்கும் முன்பு. 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில், கணவன் கொலைகாரன் என்பதை அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்து கண்டுபிடிக்கும் சாரதாவாக ஸ்ரீதேவி நடித்தபோது அவருக்கும் ஏறத்தாழ அதே வயது. பயத்தை அலறலில் காட்டாமல் மூச்சிலும் விழியிலும் காட்டிய அவருடைய திறமை வியப்புக்குரியது. ஆனால் அந்த வயதுச் சிறுமிகளை மனைவியாகவும் காதலியாகவும் நடிக்கவைத்ததைத் திரையுலகம் இயல்பாக எடுத்துக்கொண்டது சரியன்று என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

திருநெல்வேலி வாசகர்: லட்சுமி, லதா போன்றோர் அந்த ஆண்டில் குறிப்பிடும்படி ஏதாவது செய்தார்களா?

பதில்: செய்தார்கள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்காகத் தேசிய விருது பெற்றிருந்த லட்சுமி, மீண்டும் ஜெயகாந்தனின் கதையிலேயே, பீம்சிங் இயக்கத்தில் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' படத்தில் நாடக நடிகை கல்யாணியானார். கணவனோடு உள்ள பிணக்கைக் குரல் உயர்த்தாமல் பேசும் கண்ணியம் அந்த நடிப்பின் சிறப்பு. எம்.ஜி.ஆரின் கதாநாயகியாகவே அறியப்பட்டிருந்த லதா, 'வட்டத்துக்குள் சதுரம்' படத்தில் சுமித்ராவுடன் சேர்ந்து இரண்டு பெண்களின் நட்பை மையமாகக் கொண்ட கதையில் நடித்தார். அத்தகைய கதைகள் இன்றும் அரிது.

சேலம் வாசகி: புதுமுகங்களில் யார்?

பதில்: இருவர். பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாஞ்சாலியாக அறிமுகமான ராதிகா. 'தப்புத் தாளங்கள்' படத்தில் பாலியல் தொழிலாளியாக நடித்த சரிதா. 'அவள் அப்படித்தான்' படத்தின் அந்தப் புது மனைவியும் சரிதாதான். இவர்களில் சரிதாவையே நான் ஒருபடி மேலே வைப்பேன். அவர் அதே ஆண்டில் நடித்த தெலுங்குப் படமான 'மரோ சரித்ரா' தமிழில் மாற்றப்படாமலேயே சென்னை சபையர் திரையரங்கில் 596 நாட்கள் ஓடியது. மொழி தெரியாத ரசிகர்களையும் கட்டிப்போட்டதில் அவருடைய பெரிய கண்களுக்கும் பெரும் பங்குண்டு.