இறக்கிய காரில் டயர் உரசல்: பினாங்கிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

ஸ்பிரிங்கை மாற்றிக் காரின் உயரத்தைக் குறைத்து இறக்கிய பிறகு டயர் உரசுகிறது என்று தீவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் வந்த கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன். எங்கே உரசுகிறது, எப்போது உரசுகிறது என்று சொல்லாமல் "உரசுகிறது, என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டவர்கள் முதல் பதிலைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஜெலுத்தோங்: அண்ணே, கார் நிற்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது. ஓட்டும்போது மட்டும் "சர்ர்" என்று சத்தம். எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விரல் கணக்கை விடுங்கள் தம்பி. நிற்கும் காரின் இடைவெளி படம் பிடிக்கத்தான் உதவும். ஸ்பிரிங் அமுங்கும்போது சக்கரம் எதுவரை ஏறுகிறது, அந்த நேரத்தில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உள்மூடியில் பிறை வடிவில் ஒரு தடம் பளபளக்கும். இரும்பு விளிம்பில் உரசியிருந்தால் பெயின்ட் போய்த் தகடு தெரியும், டயரின் தோளில் மெல்லிய வெட்டுக்கோடு ஓடும். ஒன்றும் புலப்படாவிட்டால், சந்தேகமான இடங்களில் எல்லாம் சாக்கட்டியைத் தேய்த்துவிட்டு வீட்டருகே வேகத்தடை உள்ள தெருவில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். அழிந்த இடம்தான் குற்றவாளி.

பட்டறையில் செய்யும் முறை இன்னும் துல்லியமானது. காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துவிட்டு, ஷாக்கையும் சக்கரத்தையும் திரும்பப் பூட்ட வேண்டும். பிறகு கீழே ஜாக்கி கொடுத்து மெல்ல உயர்த்த வேண்டும். பம்ப் ஸ்டாப் ரப்பர் (சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) அமுங்கத் தொடங்கிக் காரே எழும்பப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். அங்கே நிறுத்தி ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை விளிம்பின் அடியில் ஒட்டிவைத்தால், நசுங்கிய தடிப்பை அளந்து எத்தனை மி.மீ. மிச்சம் என்று சொல்லிவிடலாம்.

பட்டர்வொர்த்: என் கார் பெரோடுவா மைவி 1.5. 185/55 ஆர்15 டயரை மாற்றி 195/50 ஆர்16 போட்டேன். ரிம் 6 அங்குலம், ஈ.டி. 45 ஆக இருந்தது. இப்போது 7 அங்குலம், ஈ.டி. 35. கார் 35 மி.மீ. இறங்கியிருக்கிறது. பின்னால் உரசுகிறது. மட்கார்டின் உள்விளிம்பை மடித்தால் போதும் என்கிறார் கடைக்காரர்.

மடிப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். ரிம் ஓர் அங்குலம் அகன்றால் வெளிப்பக்கம் 12.7 மி.மீ., உள்பக்கம் 12.7 மி.மீ. வளரும். ஈ.டி. என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்ற அளவு. அது 10 குறைந்தால் முழுச் சக்கரமும் 10 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளிமுகம் 22.7 மி.மீ. தள்ளி வந்துவிட்டது. உள்ளே கூடியது 2.7 மட்டும். இது போதாதென்று டயரின் உயரமும் கூடியிருக்கிறது. பழைய டயரின் விட்டம் 584.5 மி.மீ., புதியது 601.4. மேலே மட்டும் 8 மி.மீ.க்கு மேல் இடம் போய்விட்டது.

195/45 ஆர்16 போட்டால் விட்டம் 582க்குத் திரும்பிவிடும், வேகமானியும் சரியாகக் காட்டும். பக்கவாட்டில் இருக்கும் சுமை எண் பழைய டயரைவிடக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். அதற்குப் பிறகும் உரசினால் அதே 7 அங்குல ரிம்மை ஈ.டி. 42 அல்லது 45இல் தேடுங்கள். வாங்கும் முன் உள்பக்க இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். மைவியின் பின்னால் இருப்பது இரு சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குத் தண்டு அச்சு. அங்கே கேம்பரை (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை) திருகிச் சரிசெய்ய வழியில்லை என்பதால் டயர், ரிம் அளவு சரியாக இருந்தாக வேண்டும். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் சாலையில் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) பார்வைக்கும் அது தப்பாது, பெயர் மாற்றும்போது நடக்கும் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்ளும்.

பாயான் லெப்பாஸ்: அளவெல்லாம் சரிதான், ஆனாலும் 4 மி.மீ. போதவில்லை. விளிம்பை மடிக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். பெயின்ட் வெடிக்காமல் மடிக்க முடியுமா?

முடியும், அவசரம் இல்லாவிட்டால். உருளைக் கருவியைச் சக்கரம் பூட்டும் இடத்தில் பூட்டி, அதன் கையை நீட்டி விளிம்பின்மேல் உருட்டுவார்கள். அதற்கு முன் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணையும் பழைய சீலரையும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு ஹீட் கன்னால் பெயின்டைச் சூடாக்க வேண்டும். கை வைத்தால் பொறுக்க முடியாத சூடு, ஆனால் கொப்புளிக்காத சூடு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, நடுநடுவே சூடாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரே மூச்சில் தட்டையாக்க முயன்றால் மட்கார்டின் வெளிமுகமே அலையலையாகிவிடும். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே பேஸ்பால் மட்டையை விட்டு உருட்டும் வித்தையை அடுத்தவர் காரில் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்பு விபத்தில் அடிபட்டுப் பட்டி பூசிய மட்கார்டை மடிக்கவே வேண்டாம். பட்டி நிச்சயம் உதிரும். பின்பக்க விளிம்பு இன்னொரு தலைவலி: அங்கே இரண்டு தகடுகள் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு நடுவே சீலர் இருக்கும். மடிக்கும்போது சீலர் பிளந்து தண்ணீர் இறங்க வழி கிடைத்துவிடும். கடல் காற்று அடிக்கும் இந்தத் தீவில் மிச்சத்தைத் துரு பார்த்துக்கொள்ளும். மடித்த அன்றே மயிரிழை வெடிப்பைத் தேடிப் பிரைமர், புதிய சீலர், மேலே பெயின்ட் மூன்றையும் போட்டுவிடுங்கள். பம்பரைப் பிடிக்கும் மூலைத் திருகாணி பல கார்களில் டயருக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் இடம் மாற்றச் சொல்லுங்கள்.

பாலிக் புலாவ்: துன் சார்டோன் சாலை வளைவுகளில் முன் டயர் மட்டும் உரசுகிறது. உள்மூடியைக் கழற்றி எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். மழைத் தண்ணீரும் சேறும் மின்கம்பிகள்மேல் அடிக்காமல் தடுப்பது அந்த உள்மூடிதான். தடம் பதிந்த இடத்தை ஹீட் கன்னால் இளக்கி உள்ளே அமுக்கினாலே பெரும்பாலும் தீரும். கிளிப் உடைந்து தொங்குவதால் உரசும் கார்களும் நிறைய. சில சென் செலவில் தீர்கிற விஷயத்துக்கு மட்கார்டை வெட்டக் கிளம்பிவிடுகிறார்கள்.

உரசுவது வெளிவிளிம்பு என்றால் கேம்பர் போல்ட் உதவும். ஒரு பாகை எதிர்க் கேம்பர் கொடுத்தால் டயரின் மேல்முனை ஏறக்குறைய 5 மி.மீ. உள்ளே சாயும். அதற்கு மேல் போனால் டயரின் உள்தோள் வழுக்கையாகும். கேம்பரைத் தொட்டால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணமும்) மாறும், அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டாதீர்கள்.

நிபோங் திபால்: அண்ணா, நானும் தம்பியும் போகும்போது ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு அப்பா, அம்மா, அத்தை எல்லோரும் ஏறிப் பலகாரப் பெட்டியும் வைத்தால் பாலத்தின் இணைப்புகளில் எல்லாம் பின்னால் உரசுகிறது.

அத்தையை இறக்கிவிட முடியாது சகோதரி, காரைத்தான் ஏற்ற வேண்டும். கோயிலோவர் (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக்) என்றால் பின்னால் 10, 15 மி.மீ. உயர்த்துங்கள், செலவில்லாத வைத்தியம். உயர்த்தியும் போதவில்லை என்றால் ஸ்பிரிங் இந்தச் சுமைக்கு மென்மையாக இருக்கிறது, இன்னும் கெட்டியானது வேண்டும். பம்ப் ஸ்டாப் ரப்பரை "சொகுசுக்காக" யாராவது வெட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இறக்கிய காரில் சக்கரம் மட்கார்டைத் தொடும் முன் நிறுத்துவது அந்த ரப்பர்தான். தேவைப்பட்டால் அதற்கு மேல் ஒரு வளையம் சேர்க்கலாம்.

செபராங் ஜெயா: ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் என்ன?

வேண்டாம். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் கிண்ணத்திலிருந்து நழுவும்.

ஆயர் ஈத்தாம்: பழைய கொரோலா. இறக்கிய பிறகு பின்னால் ஒரு பக்கம் மட்டும் உரசுகிறது.

நல்ல கேள்வி. இப்படிக் கேட்பவர் குறைந்துவிட்டார்கள். பின்னால் முழு அச்சு உள்ள பழைய மாடல்களில், அந்த அச்சு ஒரு குறுக்குக் கம்பியால் பாடியோடு பிணைக்கப்பட்டிருக்கும். கம்பியின் நீளம் மாறாது. காரை இறக்கும்போது அதன் சாய்வு மாறி அச்சைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். இரு பக்கமும் மட்கார்டிலிருந்து ரிம் வரை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 6 மி.மீ. கூடி மறுபக்கம் 6 குறைந்திருந்தால் அதுதான் காரணம். நீளம் மாற்றக்கூடிய கம்பி போட்டு அச்சை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், விளிம்பைத் தொட வேண்டியதில்லை.

புக்கிட் மெர்தாஜாம்: எனக்கு உள்பக்கம், கோயிலோவர் உடம்பில் உரசுகிறது. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் தட்டு ஆபத்து என்கிறார்களே?

மலிவானது ஆபத்து. 5 மி.மீ. தடிப்பில், ஹப்பின் நடுவளையத்தில் இறுக்கமாக உட்காரும் ஸ்பேசர் என்றால் போடலாம். நட்டைக் கையால் திருப்பி எண்ணிப் பாருங்கள்: எம்12, 1.5 மரை என்றால் குறைந்தது 8 முழுச் சுற்று பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நீளமான ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) மாற்றிய பிறகுதான் ஸ்பேசர். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.