புல்லட்டை விடாத அப்பா

கேள்வி: என் அப்பா அறுபது வயதைக் கடந்தவர். வீட்டில் கார் இருந்தும், இளமையில் வாங்கிய பழைய புல்லட்டில்தான் வெளியூர் போகிறார். திரும்பி வந்தால் முதுகு வலி என்கிறார். ஆனாலும் விடுவதாக இல்லை. நெடுங்காலமாக அதே வண்டியை ஓட்டும் நீங்களாவது சொல்லுங்கள், இதில் அப்படி என்ன இன்பம்?
- வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: வேகம் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்று கல்லூரி மாணவர்கள் ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலானவை உங்கள் அப்பாவை எளிதாக முந்திவிடும். அந்தப் பழைய புல்லட் ஓட்டுபவருக்கு நிறைய வேலை வைக்கிறது. அந்த வேலையில்தான் இன்பம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதைக் கிளப்புவதையே எடுத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக அழுத்தும்போது, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் சிறிது கீழே இறக்கி, லீவரை விட்டுவிட்டு, அதன் பிறகே முழு மூச்சாக உதைக்க வேண்டும். இந்த வரிசை தெரியாமல் உதைப்பவரின் காலைக் கிக்கர் திருப்பி அடிக்கும். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்பதால் மற்ற வண்டிகளில் பழகியவர்கள் அதைத் தொடவே தயங்குவார்கள். உங்கள் அப்பாவுக்கோ இவையெல்லாம் யோசிக்காமலே வந்துவிடும். தன் கைக்கு மட்டுமே பழகிய ஒரு பொருள் வீட்டில் இருப்பதில் எவருக்கும் சற்றுக் கர்வம் உண்டு.

வண்டி கிளம்பிய பிறகு கிடைக்கும் சுகம் வேறு வகை. 346 சிசி இஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90 மி.மீ. இந்த நீண்ட ஏற்ற இறக்கமும் இஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலும் சேர்ந்து, இஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே நல்ல இழுவையைத் தருவதால், அடிக்கடி கியர் மாற்றாமல், வயலையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டே ஒரே சீராகப் போகலாம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து இந்திய நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, தாய் நிறுவனம் அங்கே உற்பத்தியை நிறுத்திய பின்பும், இந்த வார்ப்பிரும்பு இஞ்சின் அடிப்படை மாறாமல் பல பத்தாண்டுகள் திருவொற்றியூரில் தயாரானது. அதனால்தான் சிற்றூர் மெக்கானிக்குக்கும் அது அத்துபடி.

குறைகளும் உண்டு. அதிர்வில் போல்ட்டுகள் தளரும். கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பேருந்தா என்று தெரியாது. (இதையும் ரசிப்பதாகச் சொல்லும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள், நான் அவர்களை நம்புவதில்லை.) முதுகு வலியை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். பின்பக்க ஷாக் அப்சார்பரையும் சீட்டின் ஸ்பிரிங்கையும் மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

கேள்வி: பழைய புல்லட்டில் கொல்லிமலைக்குப் போய்வர ஆசை. இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போகும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
- வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: காரவள்ளிப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் உண்மைதான். பழைய வண்டிகளில் இருப்பது டிரம் பிரேக். விடாமல் அழுத்தினால் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டால் இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். வளைவுக்குச் சற்று முன்பு மட்டும் பிரேக்கைத் தொட்டால் போதும். நியூட்ரலில் போட்டு இறங்குவது கூடவே கூடாது.